சிலைக்கு நாலு விரல் கூடுதல்

திருநெல்வேலியில் ஒரு மனிதனைச் சிலையாக நிறுத்துவது லேசான காரியம். நிறுத்தின பிறகு அவனை நகர்த்துவதுதான் பிரம்மப் பிரயத்தனம். வெயிலுக்கு நிழல் தரமாட்டார்கள், மழைக்குக் குடை தரமாட்டார்கள். ஆனால் சுற்றிலும் கம்பிக் கூண்டு போட்டு, வாசலில் ஒரு போலீஸையும் உட்காரவைத்துவிடுவார்கள். களவாணிப் பயல்களெல்லாம் காற்றாட வெளியே திரிய, ஊருக்கு நல்லது செய்தவரைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிற நியாயம் நம் பக்கத்து நியாயம்.

தச்சநல்லூர் முக்கில் அப்படி ஒரு சிலை. கீழே கல்வெட்டில் ‘தண்ணீர்ப்பந்தல் பாபநாசம்’ என்று இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் வண்டிமாட்டுக்குத் தண்ணீரும் வண்டிக்காரனுக்கு மோரும் கொடுத்த புண்ணியவான். பெயர் அவருடையதுதான். முகம் அவருடையது இல்லை. அது அவருடைய கொள்ளுப்பேரன் கோமதிசங்கரின் முகம். கோமதிசங்கர் உயிரோடு இருந்தார் என்பதுதான் இதில் சிக்கல்.

எப்படி நடந்தது என்று கேட்டால், பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்ததால் நடந்தது. கோமதிசங்கர் வீட்டுக் கூடத்தில் முன்னோர் படங்கள் வரிசையாகத் தொங்கும். இடமிருந்து மூன்றாவது பாபநாசம். யாரோ எந்தக் காலத்திலோ வரைந்த சித்திரம். வெள்ளையடிக்கப் படங்களை இறக்கிய ஆவுடைத்தாய், அதாவது கோமதிசங்கரின் மனைவி, பாபநாசத்தைக் கரையான் முழுசாகத் தின்று முடித்திருப்பதைப் பார்த்தாள். நல்லநாளும் பொழுதுமாக ஆணி மொட்டையாக நிற்கவேண்டாமே என்று, அந்த இடத்தில் தங்கள் அறுபதாங்கல்யாணப் படத்தை மாட்டிவிட்டாள்.

அந்தப் படத்தில் கோமதிசங்கர் சட்டையில்லாமல், பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, கழுத்தில் மாலையும் தோளில் அங்கவஸ்திரமுமாக மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஆவுடைத்தாய். படம் எடுத்தவன் சும்மா இருக்காமல், “ஆச்சி, ஐயா கையப் பிடிச்சுக்கிடுங்க” என்று படுத்தின பாட்டில், அவள் தலையைக் குனிந்துகொண்டு நாலே நாலு விரலை மட்டும் அவர் இடது புஜத்தில் வைத்திருந்தாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து நாலு பேர் பார்க்க அவள் அவரைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷம் சாரல் சமயத்தில் சிலை செய்கிற பெருமாள்ராஜ், பாபநாசத்தின் முகம் பார்க்க வீட்டுக்கு வந்தான். கோமதிசங்கர் அப்போது குற்றாலத்தில் அருவிக்கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஆவுடைத்தாய் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் சுப்ரஜா, காதில் மாட்டிய கருவியோடு கதவைத் திறந்துவிட்டு மறுபடி வேலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெருமாள்ராஜ் போனில் கேட்டான், “ஐயா, எந்தப் படம்?” படம் மாறியது நினைப்பில் இல்லாமல், கோமதிசங்கர் சிறுவயதில் இருந்து சொல்லிவந்ததையே சொன்னார், “மூணாவது படம்ப்பா.”

அவனுக்கு அவரை முன்னேபின்னே தெரியாது. பழைய படத்துக்கெல்லாம் இப்போது கலர் கொடுத்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் உள்ள அம்மாளைச் செய்யச் சிலைக்குழு சொல்லவில்லை, விட்டுவிட்டான். ஆனால் புஜத்தின் மேல் இருந்த நாலு விரலும் ஐயாவின் உடம்போடு சேர்ந்ததா, அம்மாளோடு சேர்ந்ததா? பெருமாள்ராஜ் தொழிலில் சுத்தக்காரன். படத்தில் இருப்பதை விடமாட்டான். நாலு விரலையும் செய்துவிட்டான்.

சிலைக்குழுச் செயலாளர் குமரகுருபரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோமதிசங்கரோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர். அவர் களிமண் மாதிரியைப் போய்ப் பார்த்துவிட்டு, “பேரனுக்கு அச்சு அசல் பாட்டனார் சாடை” என்று மெச்சிவிட்டு வந்தார். ஆவணியில் திறப்புவிழா. துணி விழுந்தது. ஜனம் சிலையைப் பார்த்தது, முன்வரிசையில் இருந்த கோமதிசங்கரைப் பார்த்தது, கைதட்டியது.

அந்த நாலு விரலைப் பற்றி யாரோ கீழே இருந்து கேட்க, குமரகுருபரன் மைக்கைப் பிடித்தார். தலைமையாசிரியரிடம் கேள்வி கேட்டால் பதில் இல்லாமல் போகுமா? “தாகத்தோடு வந்த ஏழையின் கை அது. தண்ணீர் கொடுத்த தோளை நன்றியோடு பற்றிய கை” என்றார். மறுநாளில் இருந்து ஊரில் அதற்கு நன்றிக்கை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதச் சொன்னார்கள்.

பெண்கள் பக்கம் இருந்த ஆவுடைத்தாய் தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். அவள் சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருக்கும். சின்ன வயதில் பீரோக் கதவில் நசுங்கியது. மேலே சிலையிலும் சுண்டுவிரல் கோணித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். “அது நீங்கல்லா. அது என் விரலுல்லா. ஊரு பூரா வந்து என் விரலப் பாத்துட்டுப் போகுது. போய்ச் சொல்லுங்க.”

“எனக்கும் பாத்தவுடனே தெரிஞ்சுட்டு. சரி, விடுளா” என்றார் கோமதிசங்கர்.

“விடுததா?”

“தாத்தான்னு நெனச்சுக் கும்பிடுதாங்க. கும்பிட்டுட்டுப் போகட்டும். நமக்கு என்ன குறையுது?”

அவருக்கு என்ன குறைந்தது, கூடத்தானே செய்தது? பொதுப்பணித்துறையில் கால்வாய்ப் பிரிவில் இருந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் மதகைத் திறந்து மூடினார். தண்ணீர் வந்தால் தாமிரபரணித் தாயே என்று ஆற்றைக் கும்பிட்டார்கள். வராவிட்டால் அவரைப் பெற்றவளை இழுத்துப் பேசினார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு முக்கில் மாலையும் மரியாதையும் கிடைத்தால் விடமனசு வருமா? சாயங்காலமானால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சிலைக்கு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ஆசை அடங்காமல் கூண்டுக்குள் கைவிட்டுத் தன் காலையே தொட்டுப் பார்த்தார். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் மாரிக்கண்ணு, “ஏ பெரியவரே, செலையத் தொடப்பிடாது, தள்ளி நில்லும்” என்று கம்பைத் தட்டி விரட்டினாள்.

மார்கழியில் பாபநாசத்தின் நினைவுநாள் வந்தது. ஏணி வைத்து ஏறி, ஆளுயர மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, ரெண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். உயிரோடு இருக்கிற மனிதனுக்குத் திவசம் கொண்டாடினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தாங்கும்? ஆவுடைத்தாய் நேரே குமரகுருபரன் வீட்டுக்குப் போய்விட்டாள். போட்டோவில் இருந்து சுண்டுவிரல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

குமரகுருபரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், “நீங்க சொல்லுதது சரிதான் மைனி. ஆனா செலையத் தொட முடியாது. தொட்டா சட்டம் ஒழுங்கு கெட்டுப்போகும். கோர்ட்டுக்குப் போகணும், பஸ் மேல கல்லு விழும். அதைவிட, கோமதி மூஞ்சிய மாத்திரலாம்லா? மீசைய எடுக்கச் சொல்லுங்க. செலை வேற ஆளு, இவரு வேற ஆளுன்னு ஆயிரும்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆவுடைத்தாயின் கண்ணீருக்குப் பயந்து கோமதிசங்கர் மீசையை எடுத்தார். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனார். பத்து மணிக்கெல்லாம் தச்சநல்லூரில் சாலைமறியல். ‘தியாகச்செம்மலின் மீசையைச் சிறுமைப்படுத்தியவனைக் கைது செய்’ என்று கோஷம். மாரிக்கண்ணு பதறிப்போய் ஏணி வைத்து ஏறிச் சிலையின் மீசையைத் தடவிப் பார்த்து, “இங்கன மீசை பத்திரமா இருக்கு” என்று கத்தினாள். கூட்டம் கேட்கவில்லை. சிலையில் இருந்தால் போதுமா, பேரன் மூஞ்சியில் இருக்கவேண்டாமா என்றது. கடைசியில் சமாதானக் கூட்டம் போட்டு, மீசையை மறுபடி வளர்ப்பதாகக் கோமதிசங்கர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்த பிறகுதான் பஸ் ஓடியது.

மீசை பழைய அளவுக்கு வந்த நேரம் பார்த்துத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் சிலைகளை மூடவேண்டும் என்பது விதி. பறக்கும் படை அதிகாரி கிருபைராஜ் பயந்த சுபாவம். எது தலைவர், எது தலைவர் இல்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் தன் வேலை போய்விடும் என்று, கண்ணில் பட்டதையெல்லாம் துணியால் கட்டினார். பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் சிங்கத்துக்கும் கொக்குக்கும்கூடச் சாக்கு. அவை யாருடைய சின்னமாகவும் ஆகலாம் அல்லவா? தண்ணீர்ப்பந்தல் பாபநாசத்துக்கு மஞ்சள் துணி.

அத்தோடு விட்டிருக்கலாம். எவனோ ஒரு புண்ணியவான் புகார் கொடுத்தான். சிலையை மூடிவிட்டீர்கள், அதே முகம் பஜாரில் உட்கார்ந்து உளுந்தவடை தின்கிறதே, அதை யார் மூடுவது என்று கேட்டிருந்தான்.

கிருபைராஜ் வீட்டுக்கு வந்தார். கூடவே கேமராக்காரர். கையில் மிச்சம் இருந்த மஞ்சள் துணி.

“ஐயா, ஆளுக மூஞ்சிய மூடணும்னு விதி இல்ல. மூடப்பிடாதுன்னும் இல்ல. மேல கேட்டேன். உரிய நடவடிக்கை எடுங்கன்னுட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச நடவடிக்கை இது ஒண்ணுதான். வெளிய தெருவ போகையில மட்டும் இதப் போட்டுக்கிடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“என் மகளுக்குப் பங்குனியில கல்யாணம்வே” என்றார் கோமதிசங்கர்.

“மண்டபமும் பொது இடந்தான் ஐயா.”

ஆவுடைத்தாய் உள்ளே இருந்து வந்தாள். கிருபைராஜைப் பார்த்துப் பேசவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். “இப்பவாது சொல்லுங்க. அது நாந்தான்னு ஒரு வார்த்த சொன்னா தீந்துட்டு.”

கோமதிசங்கர் துணியை வாங்கித் தலைவழியே போட்டுக்கொண்டார். பஜாரில் பார்த்தவனெல்லாம், “என்ன அண்ணாச்சி, தலையில துண்டு விழுந்துட்டா?” என்று விசாரித்தான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். சிலை ஆசை லேசான ஆசையா? மண்ணாசை பெண்ணாசையெல்லாம் விட்டவனையும் அது விடாது.

கல்யாணம் சேரன்மகாதேவியில், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் சம்பந்தியைத் தேடினார்கள். மஞ்சள் துணி போட்ட ஒரு உருவம் வந்து கும்பிட்டது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, “அம்மை போட்டிருக்கோ?” என்று தள்ளி நின்றுகொண்டாள். மண்டபத்துக்குக் கடைசி வரிசையில் கிருபைராஜும் கேமராக்காரரும். சும்மா சொல்லக்கூடாது, கிருபைராஜ் மொய்க் கவரும் கொண்டுவந்திருந்தார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. மகளின் கையைத் தகப்பன் மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் செம்பில் இருந்து தண்ணீர் விடவேண்டும். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “கன்னிகாதானம் பண்ணுகிறவர் முகம் தெரியணும். துணியை எடுங்கோ.”

“எடுக்காதிய ஐயா” என்று பின்னால் இருந்து எழுந்து ஓடிவந்தார் கிருபைராஜ். “எடுத்தா கேமராவுல விழுந்துரும். விழுந்தா நான் நடவடிக்கை எடுக்கணும். என் சோத்துல மண்ணப் போட்டுராதிய.”

குமரகுருபரன் மேடை ஏறிவிட்டார். “ஒண்ணும் குடிமுழுகிப் போகல. தம்பிக்காரரு இருக்காருல்லா, அவரு தாரை வார்க்கட்டும். வே கோமதி, நீரு பைய அங்கன ஓரமா உக்காரும். சிலைக்கு ஒரு பங்கம் வரப்பிடாது பாரும்.”

சித்தப்பா வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மணையில் இருந்த சுப்ரஜா தலையை நிமிர்த்தினாள். “எங்கப்பா உசுரோட இருக்கையில சித்தப்பா எதுக்கு மாமா? அப்பா பிடிச்சுக் குடுத்தா கல்யாணம். இல்லாட்டா நான் எந்திரிச்சுருவேன்” என்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை பாவம், எழுந்திருப்பதா இருப்பதா என்று தெரியாமல் முழித்தான். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கோமதிசங்கருக்குத் துணிக்குள் வேர்த்துக் கொட்டியது. குனிந்தால் கீழே கொஞ்சம் இடம் தெரியும். மகளின் மருதாணிக் கை தெரிந்தது. அதற்கு மேலே தண்ணீர்ச் செம்பும், செம்பைப் பிடித்த நாலு விரலும் தெரிந்தன. சுண்டுவிரல் கோணியிருந்தது. ஊரே பார்த்து ஏழையின் கை என்று கும்பிட்ட விரல். இவள் விரலை யாரோ ஒரு வழிப்போக்கனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு அல்லவா நான் மாலைக்கு ஆசைப்பட்டேன் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

துணியை உருவிக் கீழே போட்டார்.

“அந்தச் செலை எங்க தாத்தா இல்ல” என்றார். “அது நாந்தான். எங்க அறுபதாங்கல்யாணப் போட்டோவப் பாத்துச் செஞ்சது. நன்றிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது இவ விரலு. நல்லாப் பாத்துக்கிடுங்க.” ஆவுடைத்தாயின் கையைச் செம்போடு சேர்த்துத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் ஐயர் தலையில் சிந்தியது.

குமரகுருபரன் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “குழு மானத்த வாங்கிட்டீரே வே” என்று முனகினார். கிருபைராஜ் மட்டும் முகம் மலர்ந்து முன்னால் வந்தார். கேமராக்காரரை அழைத்து அந்தச் சுண்டுவிரலைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார், “அப்ப, அது தலைவர் செலை இல்ல?”

“இல்ல.”

“ஐயா ஏதும் கட்சியில?”

“ஒரு கட்சியும் இல்ல.”

“ஊருக்கு ஏதும் நல்லது செஞ்சிருக்கியளா?”

கோமதிசங்கர் யோசித்தார். “மதகு திறந்துவிட்டேன்.”

“அது சம்பளத்துக்குச் செஞ்சது, கணக்குல வராது” என்று கிருபைராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். “சாதாரண ஆளு. சாதாரண ஆளுக்கு எந்த விதியும் கிடையாது. மேளத்தத் தட்டச் சொல்லுங்க.”

கெட்டிமேளம் முழங்கியது. மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தபோது கோமதிசங்கரின் மீசையெல்லாம் கண்ணீர். கிருபைராஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

போகிற வழியில் கடமையையும் முடித்துவிட்டார். பொண்ணு மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுக் கோமதிசங்கரும் ஆவுடைத்தாயும் சாயங்காலம் காரில் திரும்பியபோது, தச்சநல்லூர் முக்கில் மஞ்சள் துணி இல்லை. மற்ற தலைவர்களெல்லாம் முக்காடு போட்டு நிற்க, திருநெல்வேலி முழுக்க முகம் தெரிய நின்றது அந்த ஒரு சிலைதான். கல்வெட்டில் மட்டும் பழைய பெயரே இருந்தது. அதை மாற்ற கோர்ட்டுக்குப் போகவேண்டும். எதிர்க்கடையில் இருந்தவர்களுக்கு அதற்குள் சேதி வந்துவிட்டது. “அன்னா பாரு, செலை கார்ல வருது” என்று எவனோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கோமதிசங்கரால் முகத்தைத் தூக்க முடியவில்லை. “வண்டிய நிறுத்தாதப்பா, போ” என்றார்.

“நிறுத்துப்பா” என்றாள் ஆவுடைத்தாய்.

அவள் இறங்கினாள். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார். கூண்டுக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். தலையில் காக்காய் எச்சம் இட்டிருந்தது. புஜத்தில் நாலு விரல், ஆளைக் காணோம்.

“இனி ஒருத்தனும் மாலை போடமாட்டான்” என்றார் அவர்.

“போடாண்டாம்” என்றாள்.

கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போனவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆவுடைத்தாய் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. படம் எடுக்கிறவன் யாரும் வந்து சொல்லவும் இல்லை. வலது கையை நீட்டி, நாலு விரலையும் அவர் இடது புஜத்தில் வைத்தாள்.

குடைக்குக் கீழே தூங்கி விழுந்துகொண்டிருந்த மாரிக்கண்ணு சட்டென்று முழித்துப் பார்த்தாள். அவளுக்குச் சேதி எதுவும் தெரியாது. அந்த முகத்தையும் அந்த விரல்களையும் பார்த்த மாத்திரத்தில் பழக்கதோஷத்தில் கம்பைத் தட்டினாள்.

“ஏ யம்மா, செலையத் தொடப்பிடாது.”

“இது செலை இல்ல தாயி, என் வீட்டுக்காரரு” என்றாள் ஆவுடைத்தாய். கையை எடுக்கவில்லை.